கட்டங்களுக்குள் அரசியல் – 11: வாசகரோடு மல்லுக்கட்டும் நிருபர்

கீழே தெருவில் போலீஸ் தடியடி. கேடயமும் தடியும் தாங்கிய படை ஒரு கூட்டத்தை மூலையில் மடக்கி அடித்து நொறுக்குகிறது. எதிரே, ஒரு நடன விடுதியின் மொட்டை மாடியில், தலை வழித்து உடலெங்கும் பச்சை குத்திய ஓர் ஆள் உட்கார்ந்து, கண்ணில் படுவதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான். அவன் எழுத எழுத, அவனுடைய பத்திரிகை ஆசிரியர் அந்த வரிகளை நகரத்தின் செய்தித் திரைகளுக்கு நேரலையாக விற்றுவிடுகிறார். தெருவில் போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். இந்தக் கலவரத்தைத் தொடங்கிவைக்கச் சிலருக்குக் காசு கொடுக்கப்பட்டது, அடிப்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று திரையில் வரிகள் ஓடுகின்றன. நகரம் கொதித்தெழ, போலீஸ் பின்வாங்குகிறது. அன்றிரவு வீடு திரும்பும் வழியில் அந்த ஆளைப் போலீஸ்காரர்கள் மடக்கி ரத்தம் கொட்டும்வரை அடிக்கிறார்கள். அடி வாங்கிக்கொண்டே அவன் சிரிக்கிறான்.

'ட்ரான்ஸ்மெட்ரோபாலிட்டன்' தொடரின் முதல் மூன்று இதழ்களின் கதை இது. எழுதியவர் வாரன் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர். வரைந்தவர் டாரிக் ராபர்ட்சன் என்ற அமெரிக்கர். 1997-ல் டிசி நிறுவனத்தின் 'ஹீலிக்ஸ்' என்ற அறிவியல் புனைகதைப் பிரிவில் தொடங்கியது. அந்தப் பிரிவு அடுத்த ஆண்டே மூடப்பட்டது. கூடவே வந்த மற்ற தொடர்கள் நின்றுபோக, இது ஒன்று மட்டும் 13-வது இதழிலிருந்து 'வெர்டிகோ' பிரிவுக்கு இடம்பெயர்ந்து, 2002 வரை 60 இதழ்கள் ஓடி, திட்டமிட்ட இடத்தில் முடிந்தது.

கதாநாயகன் பெயர் ஸ்பைடர் ஜெருசலேம். புகழ் பெற்ற அரசியல் நிருபர். புகழ் தாங்காமல் மலை மேல் ஓடிப்போய் ஐந்து ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தவன். பதிப்பகத்துக்கு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட இரண்டு புத்தகங்களுக்கான முன்பணம் தீர்ந்துபோக, வேறு வழியின்றி நகரத்துக்குத் திரும்புகிறான். அந்த நகரத்துக்குப் பெயர் கிடையாது. எல்லோரும் 'நகரம்' என்றுதான் சொல்கிறார்கள். எந்த ஆண்டு என்பதும் சொல்லப்படுவதில்லை. 'தி வேர்ட்' என்ற செய்தித்தாளில் அவனுக்கு ஒரு பத்தி கிடைக்கிறது. 'இந்த இடத்தை வெறுக்கிறேன்' என்பது அதன் தலைப்பு. ஆசிரியர் மிட்செல் ராய்ஸ், உதவியாளர்கள் சேனன் யாரோ, யெலீனா ரோஸினி, இரண்டு முகமுள்ள சிகரெட் பிடிக்கும் பூனை: இதுதான் அவனுடைய குடும்பம்.

ஸ்பைடரின் மூலவர் யாரென்பதில் ஒளிவுமறைவு இல்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹண்டர் எஸ். தாம்சன்தான். 1970-ல் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தைப் பற்றி எழுதப் போன தாம்சன், குதிரைகளை விட்டுவிட்டு, குடித்துக் கூத்தடித்த பார்வையாளர்களையும் அவர்களோடு சேர்ந்து குடித்த தன்னையும் பற்றி எழுதினார். செய்தியாளர் செய்திக்கு வெளியே நிற்கும் ஆவி இல்லை, அவனும் அதற்குள்ளே புழங்குகிற ஒரு மனிதன்தான் என்ற அந்த எழுத்துமுறைக்கு 'கான்ஸோ' என்று பெயர் வந்தது. அதே ஆண்டு கொலராடோவின் பிட்கின் மாவட்டத்தில் ஷெரீப் பதவிக்குப் போட்டியிட்டார். ஒட்ட வெட்டிய தலையோடு எதிரே நின்றவரை 'நீள்முடி வேட்பாளர்' என்று அழைப்பதற்காகவே தன் தலையை மழித்துக்கொண்டார். தோற்றார். 1972-ல் நிக்சனுக்கும் மெக்கவர்னுக்கும் இடையே நடந்த அதிபர் தேர்தலை 'ரோலிங் ஸ்டோன்' இதழுக்காகப் பின்தொடர்ந்து அவர் எழுதியவை இன்றும் தேர்தல் செய்தியாளர்களின் பாடப்புத்தகம். ஸ்பைடருக்கோ முதல் இதழிலேயே குளியலறை இயந்திரம் கோளாறாகி மயிரெல்லாம் போய்விடுகிறது. மழித்த தலையும் வாயில் சிகரெட்டும் வண்ணக் கண்ணாடியுமாக அவன் வெளியே வரும்போது, தாம்சனை அறிந்தவர்களுக்கு அடையாளம் பிடிபட்டுவிடும்.

அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கம் சிவப்பு வட்டம், மறுபக்கம் பச்சைச் சதுரம், உள்ளே புகைப்படக் கருவி. வீட்டுப் பொருள்களைச் செய்து தரும் இயந்திரம் போதையில் இருந்தபோது செய்தது என்பதால் அந்தக் கோலம். கேமரா பொருத்திய மூக்குக் கண்ணாடிகள் இன்று கடையில் விற்கின்றன. ஆனால் எதிர்காலக் கருவிகளைச் சரியாக யூகித்ததற்காக இந்தத் தொடரைக் கொண்டாடுவது அதன் சிறிய திறமையைப் பெரிதாக்குவது என்பேன்.

பெரிய திறமை ராபர்ட்சனின் தெருக்களில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பின்னணியில் ஐம்பது மனிதர்களாவது நடமாடுகிறார்கள். சுவரொட்டி, விளம்பரப் பலகை, தள்ளுவண்டிக் கடை, குப்பைமேடு, சுவரில் கிறுக்கிய வசவு. ஒரு மூலையில் வேற்றுக்கிரகவாசிகளின் மரபணுவைத் தங்கள் உடலில் ஏற்றிக்கொண்ட 'ட்ரான்ஸியன்ட்' கூட்டம், இன்னொரு மூலையில் உடலையே துறந்து நுண்பொறிகளின் மேகமாக மாறிவிட்டவர்கள். அறிவியல் அங்கே எதையும் செய்துவிடும். ஆனாலும் நடைபாதையில் பசியோடு படுத்திருப்பவர்கள் குறையவில்லை. ஒரு கட்டத்தை முழுதாகப் பார்க்க ஐந்து நிமிடம் பிடிக்கும். பார்க்காமல் தாண்டிப்போகவும் முடியும், கதை புரிந்துவிடும். இந்தப் 'பார்க்காமல் தாண்டிப்போவது'தான் தொடரின் மையமான விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எட்டாவது இதழில் மேரி என்று ஒரு பெண் வருகிறாள். நம் காலத்தில் வாழ்ந்தவள், உலகத்தைச் சுற்றிப் படமெடுத்த செய்திப் புகைப்படக்காரி. சாகும்போது, வருங்கால மருத்துவம் தன்னை எழுப்பிவிடும் என்று நம்பி, உடலை உறைநிலையில் வைக்கப் பணம் கட்டியவள். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. பிற்கால மனிதர்கள் அவளுக்குப் புதிய, இளமையான உடல் செய்து எழுப்புகிறார்கள். எழுப்புவதற்குக் காரணம் பழைய ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டாயிற்று, நிறைவேற்றியாக வேண்டும். அதற்கு மேல் யாருக்கும் அவளிடம் அக்கறை கிடையாது. ஒரு வரவேற்பு இல்லை, அவள் கண்ட பழைய உலகத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கதவைத் திறந்து தெருவில் விடுகிறார்கள். நகரத்தின் இரைச்சலையும் உருவங்களையும் ஒரே நேரத்தில் பார்த்த அதிர்ச்சியில் அவள் மனம் முறிந்துபோகிறது. அவளைப் போலவே எழுப்பப்பட்டவர்கள் கூட்டமாக அடைந்து கிடக்கும் ஒரு விடுதியில் நாளைத் தள்ளுகிறாள்.

இந்த இதழில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஸ்பைடர் பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை. ஒரு பத்தி எழுத்தாளன் மேரி சொன்னதைக் கேட்டு, ஒழுங்குபடுத்தி, நமக்குச் சொல்கிறான். நான் படித்த காமிக்ஸ் இதழ்களில் மிகச் சிறந்தவற்றுள் இதை வைப்பேன். எதிர்காலத்தைப் பற்றிய கதைகள் அழிவைக் காட்டிப் பயமுறுத்தும், அல்லது அற்புதத்தைக் காட்டி மயக்கும். எல்லிஸ் காட்டும் கொடுமை வேறு மாதிரி. அற்புதம் நடந்தே விடுகிறது, நடத்தியவர்களுக்கு அது ஒரு அலுவலக வேலை. சாவை வென்று வந்த ஒருத்தியை அகதியாக்க வெறும் அலட்சியம் போதுமானதாக இருக்கிறது.

இங்கேதான் ஸ்பைடரின் கோபம் யார்மேல் என்பது விளங்குகிறது. அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் அவனுக்கு எதிரிகள், சரி. ஆனால் அவன் நாள்தோறும் மல்லுக்கட்டுவது வாசகர்களோடு. ஐந்தாவது இதழில் ஒரு நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறான். கனவுக்குள் புகுந்து ஓடும் விளம்பரங்கள்கூட அந்த நகரத்தில் உண்டு. பார்த்துப் பார்த்து வெறிபிடித்து, நேரலை நிகழ்ச்சிகளுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கத்துகிறான். கடைசியில் அவனே செய்தியாகித் திரையில் ஓடுகிறான். அந்த நகரத்தில் உண்மையை யாரும் பூட்டி வைக்கவில்லை. தெருவுக்குத் தெரு அது ஓடிக்கொண்டிருக்கிறது, ஆயிரம் திரைகளில், மற்ற எல்லாவற்றோடும் கலந்து. மக்களுக்குத் தெரியாமல் இல்லை, அவர்கள் நின்று பார்ப்பதில்லை. மொட்டை மாடியிலிருந்து எழுதிய அன்று அவர்கள் நின்றார்கள். அந்த ஒரு நாளை மறுபடி உண்டாக்க முடியுமா என்பதற்காகவே அவன் அடுத்த 57 இதழ்களும் வசைபாடுகிறான். அவன் வாயில் வரும் கெட்ட வார்த்தைகளையும், சுட்டால் வயிற்றைக் கலக்கிவிடும் அவனுடைய துப்பாக்கியையும் மட்டும் நினைவில் வைத்திருக்கும் ரசிகர்கள் ஏராளம். அவை கவனத்தைப் பிடித்து இழுக்கும் கருவிகள். இழுத்துப் பிடித்துக் காட்டுவது மேரியை.

இனி தேர்தல். நாட்டை ஆளும் அதிபருக்கு 'மிருகம்' என்று ஸ்பைடர் பெயர் வைத்திருக்கிறான். ஈரமற்ற, மறைக்கவும் தெரியாத அதிகாரம். எதிர்த்து நிற்பவன் கேரி கலஹன், பட்டப்பெயர் 'சிரிப்பன்'. முகத்தை விட்டு இறங்காத ஒரு சிரிப்பு. தொடர் தொடங்கிய அதே 1997-ல்தான் எல்லிஸின் நாட்டில் டோனி பிளேர் அகன்ற சிரிப்போடு பிரதமர் ஆனார். கலஹன் வரும் கட்டங்களில் எனக்கு அந்த முகம் நினைவுக்கு வராமல் போனதில்லை. கலஹனின் அரசியல் ஆலோசகர் வீட்டா செவர்ன் ஒரு நேர்மையான பெண். அரசியல்வாதிகள் வட்டாரத்தில் ஸ்பைடர் மதித்த ஒரே ஆள் என்றே சொல்லலாம். நேரலை ஒளிபரப்பின்போது அவள் சுட்டுக் கொல்லப்படுகிறாள். அனுதாப அலை வீசி, சிரிப்பன் வெல்கிறான். அந்த அலைக்காகவே அவள் கொல்லப்பட்டாள் என்று ஸ்பைடர் முடிவுக்கு வருகிறான். மக்கள்மேல் தனக்கு வெறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கலஹன் தனிமையில் ஸ்பைடரிடம் சொல்லும் காட்சி, தொடரின் மிகக் குளிர்ந்த பக்கங்களில் ஒன்று.

பதவிக்கு வந்ததும் அவன் எடுக்கும் ஆயுதம் 'டி-நோட்டீஸ்'. இது எல்லிஸின் கற்பனை இல்லை. பிரிட்டனில் 1912 முதல் இருக்கும் நடைமுறை. தேசப் பாதுகாப்பைத் தொடும் செய்திகளை வெளியிட வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பப்படும் வேண்டுகோள் அது. சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனாலும் ஆசிரியர்கள் பெரும்பாலும் மதித்து நடப்பார்கள். எல்லிஸ் அந்த வேண்டுகோளை ஆணையாக்கிவிடுகிறார். போலீஸ் அராஜகத்தைப் பற்றி ஸ்பைடர் எழுதிய பத்தி அச்சேறாமல் நிற்கிறது. பிறகு வேலையும் போகிறது. 'தி ஹோல்' என்ற மறைவிடச் செய்தித் தளத்திலிருந்து எழுதத் தொடங்குகிறான். பெரிய செய்தித்தாள்களை விட்டு வெளியேறிய பத்திரிகையாளர்கள் சொந்தமாகச் சிறு தளம் தொடங்கி எழுதுவது இன்று பழகிப்போன காட்சி. 2000-ம் ஆண்டு வாக்கில் அச்சுக் காமிக்ஸில் அதைப் படித்தவர்களுக்கு அது அறிவியல் புனைகதை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பின்பாதியில் சிரிப்பன் மனிதத்தன்மையே இல்லாத அரக்கனாகிவிடுகிறான். அரக்கனை வீழ்த்துவது எளிது, படிக்கிறவருக்கும் உறுத்தாது. மக்களின் ஒப்புதலோடு, கெட்ட எண்ணம்கூட இல்லாமல் தீங்கு செய்யும் ஆட்சியை இந்தத் தொடர் தொடவேயில்லை. ஸ்பைடர் ஒருவனால் ஓர் அதிபரைக் கவிழ்க்க முடிகிறது என்பதும் எனக்கு ஒப்பவில்லை. நிஜத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனை வீழ்த்தியதில் செய்தித்தாளுக்கு இருந்த பங்கைப் போலவே நீதிமன்றத்துக்கும் செனட் குழுவுக்கும் பங்கு இருந்தது. அந்த அமைப்புகள் ஸ்பைடரின் உலகத்தில் நிழலாகக்கூட இல்லை.

எல்லிஸைப் பற்றியும் ஒன்று. 2020-ல் பல பெண்கள், அவர் தன் புகழையும் செல்வாக்கையும் கொண்டு தங்களைத் தவறாக நடத்தியதாகப் பொதுவெளியில் சொன்னார்கள். தெரிந்து யாரையும் வற்புறுத்தியதில்லை என்றும், புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் அவர் அறிக்கை விட்டார். அதிகாரம் யார் கையில் இருந்தாலும் கேள்வி கேள் என்று 60 இதழ்கள் எழுதியவரிடம் அதே கேள்வி திரும்பி வந்தது. அதைக் கேட்ட பெண்களின் பக்கம் நிற்காமல் இந்தத் தொடரை நேசிக்க முடியாது என்பது என் எண்ணம். 'ட்ரான்ஸ்மெட்ரோபாலிட்டன்' ராபர்ட்சனின் படைப்பும்தான் என்பதை நினைவில் கொள்வதும் நியாயம். அந்தத் தெருக்களில் நிற்கும் ஒவ்வொரு முகமும் அவர் கையில் பிறந்தது.

சென்ற வாரம் பார்த்த 'ஜட்ஜ் ட்ரெட்'டுக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது. ட்ரெட் வெளிவந்த, 1977-ல் பிறந்த '2000 ஏடி' வார இதழின் கேலியும் மூர்க்கமும் எல்லிஸ் தலைமுறையின் ரத்தத்தில் ஊறியவை. நம் வாசகர்களுக்கு அந்தப் பிரிட்டிஷ் காமிக்ஸ் குடும்பத்தின் மூத்த தலைமுறை நன்றாகவே தெரியும். 1972-ல் முத்து காமிக்ஸ் தமிழில் தந்த 'இரும்புக்கை மாயாவி' பிரிட்டனில் 'வேலியன்ட்' இதழில் வந்த தொடர். மாயாவியைப் படித்த கையோடு ஸ்பைடரை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இது பெரியவர்களுக்கானது. வன்முறையும் வக்கிரமும் தாராளம். புதிதாகத் தொடங்குபவர்கள் எட்டாவது இதழை முதலில் படிக்கலாம். முன்கதை தெரிய வேண்டிய அவசியமில்லை.

முடிவு நோக்கிப் போகும்போது ஸ்பைடருக்கு மூளையைத் தின்னும் நோய் வருகிறது. பெயர்கள் மறக்கின்றன, மூக்கில் ரத்தம் வழிகிறது. எழுத்து கைவிட்டுப் போவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் உதவியாளர்கள் இருவரும் நிருபர்களாகிறார்கள். யெலீனா அவனுடைய கோபத்தோடு, தன் சொந்த நடையில் எழுதத் தொடங்குகிறாள். ராய்ஸ் அவளுக்கும் ஆசிரியராகிறார்.

கற்பனை நிருபரை விட்டுவிட்டு அடுத்த வாரம் நிஜ நிருபர் ஒருவரிடம் போவோம். குறிப்பேடும் பேனாவுமாகப் பாலஸ்தீனத்துக்குப் போய், கேட்டதையும் கண்டதையும் கட்டம் கட்டமாக வரைந்து வந்தவர், ஜோ சாக்கோ.