சுமக்காத டேட்டாவை யாரும் சோதிக்க முடியாது

2017 ஜனவரி கடைசி. சித் பிக்கண்ணவர் என்ற இன்ஜினியர் சிலி நாட்டில் சோலார் கார் ரேஸ் முடித்துவிட்டு ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் இறங்குகிறார். பெயரில்தான் தென்னிந்திய வாசனை. ஆள் அமெரிக்கக் குடிமகன், நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபில் வேலை. எல்லை அதிகாரிகள் அவருடைய போனின் பின் நம்பரைக் கேட்டார்கள். "இது ஆபீஸ் போன்" என்று சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் கொடுத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து போன் திரும்பி வந்தது. உள்ளே எதைப் பார்த்தார்கள், எதை காப்பி எடுத்தார்கள் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அவரும் இன்னும் 10 பேரும் கேஸ் போட்டார்கள். 2021-ல் அப்பீல் கோர்ட் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. சுப்ரீம் கோர்ட் அதை விசாரிக்கவே எடுத்துக்கொள்ளவில்லை.

நாசா இன்ஜினியருக்கே இந்த நிலைமை. அப்படியானால் சோழவந்தான், வாடிப்பட்டி பக்கமிருந்து எம்.எஸ். படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு?

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்வோம். 2024 நிதியாண்டில் அமெரிக்க எல்லையில் சோதிக்கப்பட்ட கருவிகள் சுமார் 47 ஆயிரம். வந்து இறங்கியவர்கள் 40 கோடிக்கும் மேல். நம்மைக் கூப்பிட வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனால் கூப்பிட்டுவிட்டால், நமக்கும் பிக்கண்ணவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பாஸ்வேர்ட் தர மாட்டேன் என்று குடிமகன் சொன்னால் கருவியைப் பிடித்து வைப்பார்கள், ஆளை உள்ளே விட்டாக வேண்டும். விசாவில் போகிற நாம் அப்படிச் சொன்னால் அடுத்த ஃப்ளைட்டில் திருப்பி அனுப்பவும் முடியும். நியூசிலாந்தில் 2018 முதல் 5,000 டாலர் வரை அபராதம் உண்டு.

அதனால் "ஸ்ட்ராங் பாஸ்வேர்ட் இருக்கு, போதும்" என்கிற கணக்கு இங்கே உதவாது. பூட்டு எவ்வளவு பெரிசாக இருந்தாலும் சாவியை நம்மிடமே கேட்கிறார்கள். நம் கையில் இருப்பது ஒரே ஒரு முடிவுதான்: எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பது.

அமெரிக்க எல்லைக் காவல் துறையின் 2018 விதிமுறைப்படி சோதனை இரண்டு வகை. ஒன்று, அதிகாரி கையாலேயே திறந்து பார்ப்பது. இதற்குத் தனியாகச் சந்தேகம் எதுவும் தேவையில்லை. இன்னொன்று, வேறொரு கருவியை இணைத்து காப்பி எடுத்து அலசுவது. இதற்கு நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ, மேலதிகாரியின் அனுமதியோடு வேண்டும். இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. நெட்டைத் துண்டித்துவிட்டு, கருவியில் இருப்பதை மட்டும்தான் பார்க்கலாம். க்ளவுடில் இருப்பதைத் தொடக்கூடாது.

நமக்கு வழி இங்கேதான் இருக்கிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாடியே இதையெல்லாம் செய்துவிடுங்கள்:

முழு லேப்டாப்பையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வீட்டில் வையுங்கள். தேவையானதை மட்டும் க்ளவுடில் ஏற்றுங்கள். முடிந்தால் லேப்டாப்பை ரீசெட் செய்து, பயணத்துக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். வெறுமனே டிலீட் செய்தால் தம்ப்நெயில், ரீசன்ட் ஃபைல்ஸ், ப்ரவுசர் ஹிஸ்டரி என்று தடயம் மிச்சமிருக்கும்.

ட்ரைவ், ஒன்ட்ரைவ், வாட்ஸ்அப் டெஸ்க்டாப் எல்லாவற்றிலிருந்தும் லாக் அவுட் ஆகுங்கள். சிங்க் ஆன ஃபைல் க்ளவுடில் மட்டும் இல்லை, உங்கள் டிஸ்க்கிலும் இருக்கிறது.

விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ்: ஏதாவது ஒன்றை ஆன் செய்யுங்கள். ரெக்கவரி கீயை வீட்டில் எழுதி வையுங்கள். லேப்டாப் திருடு போனாலும் இது காப்பாற்றும்.

ஏர்போர்ட்டுக்குள் போகும்போது ஸ்லீப் வேண்டாம், ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் என்க்ரிப்ஷன் சாவி ரேமிலேயே தங்கியிருக்கும். பவர் போன சில நொடிகளுக்குள் ரேமிலிருந்து அதை எடுக்க முடியும் என்று 2008-லேயே பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

செய்யக்கூடாதவை இரண்டு. பொய் சொல்லாதீர்கள். சோதனை ஆரம்பித்த பிறகு எதையும் அழிக்காதீர்கள், அது தனிக் குற்றமாகலாம். லேப்டாப் காலியாக இருப்பது குற்றம் இல்லை. கேட்டால் "புதுசா செட் பண்ணினேன், பேக்கப் வீட்டில் இருக்கு" என்று உண்மையைச் சொன்னால் போதும்.

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று சிலர் கேட்பார்கள். இருப்பது உங்கள் டேட்டா மட்டும் இல்லையே. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களில் சென்சார் வைத்து ப்ராஜெக்ட் செய்தவர் ஃபோல்டரில் விவசாயிகளின் போன் நம்பர், ஆதார் காப்பி, நிலத்தின் ஜிபிஎஸ் எல்லாம் இருக்கலாம். நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். அதை வேற்று நாட்டு அதிகாரிக்குத் திறந்து காட்ட அவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. அந்த ஃபோல்டர் வீட்டிலேயே இருக்கட்டும்.