சட்டை நனைந்தால் போதுமா? மலையேறும் முன் ஓர் அறிவியல் பாடம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பலருக்கும் மலை நினைவு வந்துவிடும். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம் என்று நண்பர்களோடு கிளம்பிவிடுவோம். நீங்களும் அப்படிக் கிளம்புபவரானால், உங்கள் வியர்வையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவரோடு நுவாங் மலைக்குச் சென்றேன். 1,493 மீட்டர் உயரம் கொண்ட அது, சிலாங்கூர் மாநிலத்தின் உயரமான சிகரங்களில் ஒன்று. உலு லங்காட் பக்கமிருந்து நாங்கள் நடக்கத் தொடங்கியபோதே மணி ஒன்பதரை ஆகிவிட்டது. மரநிழல் இருந்ததால் வெயில் தெரியவில்லை. நண்பகல் நெருங்கியபோது நண்பரின் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. “இவ்வளவு வியர்க்கிறதே, உடல் நன்றாகக் குளிர்ந்திருக்கும்” என்றார். சிறிது நேரத்தில் அவருக்குத் தலை சுற்றியது, குமட்டியது, கால்கள் தள்ளாடின.

நிழலில் இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று?

நாம் ஏறும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் உழைப்பாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதை வெளியேற்ற உடல் வியர்க்கிறது. ஆனால் வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுவதும் ஆவியானால், ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். 70 கிலோ எடையுள்ளவரின் உடல் வெப்பநிலை 10 பாகை உயராமல் தடுக்க அது போதும். அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால், அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இரு கைகளையும் தண்ணீரில் நனையுங்கள். ஒரு கையை நெகிழிப் பைக்குள் விட்டு, வாயை மணிக்கட்டில் கட்டுங்கள். இரண்டையும் மின்விசிறியின் முன் நீட்டுங்கள். வெளியே இருக்கும் கை குளிரும். பைக்குள் இருக்கும் கை அந்த அளவுக்குக் குளிராது. பைக்குள் உள்ள காற்று விரைவில் ஈரத்தால் நிறைந்துவிடுவதே காரணம். நம் மழைக்காடும் அத்தகைய ஒரு பைதான். காற்றில் ஈரப்பதம் அதிகம். மரங்கள் காற்றோட்டத்தையும் தடுக்கின்றன.

கதை இதோடு முடியவில்லை. உங்கள் வியர்வையை உலரவிடாத அதே நீராவிதான் பிற்பகல் மழைக்கும் மூலப்பொருள். வெயில் ஏற ஏற, ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழும்பிக் குளிர்ந்து மேகமாகிறது. ஆவியானபோது உள்வாங்கிய வெப்பத்தை அந்த நீராவி மேகத்திற்குள் வெளியிடுகிறது. அதனால் மேகம் மேலும் உயர்ந்து இடிமழையாகிறது. ஆகவேதான் நம் நாட்டில் காலையில் தெளிவாக இருக்கும் மலை, பிற்பகலில் இருண்டுவிடுகிறது.

அந்த மழை ஆற்றின் மேற்பகுதியில் கொட்டினால், கீழே நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமலேயே வெள்ளம் பாய்ந்து வரலாம். மலாயில் இதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், பையை எடுக்க நிற்காமல் உடனே கரையேறி மேட்டுக்குச் செல்லுங்கள்.

நாங்கள் அன்று சிகரத்தைப் பார்க்கவில்லை. நண்பரை உட்கார வைத்து, கழுத்தையும் கைகளையும் நனைத்து விசிறினேன். உப்புக்கரைசல் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடித்தார். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. தெளிந்ததும் மெதுவாக இறங்கி ஆற்றைக் கடந்தோம். கரையில் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது நீர் பழுப்பாக மாறியது. அரை மணி நேரத்தில், நாங்கள் மிதித்து வந்த கற்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் ஏறியிருந்தால் அக்கரையில் மாட்டியிருப்போம்.

எனவே, விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். வியர்வை உலரும் மெல்லிய, தளர்ந்த சட்டையை அணியுங்கள். காற்று வீசும் இடத்தில் நின்று இளைப்பாறுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து, வீட்டாரிடமும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். உடன் வருபவர் உளறினாலோ குழம்பினாலோ அது வெறும் களைப்பு அன்று, வெப்பத்தாக்கமாக இருக்கலாம். அங்கேயே உடலை நனைத்து விசிறிக் குளிர்வித்தபடி 999-ஐ அழையுங்கள்.

அடுத்த ஆண்டு அதே நண்பரோடு விடியற்காலையில் புறப்பட்டு நுவாங் சிகரத்தைத் தொட்டேன். மலை அங்கேயேதான் இருந்தது.