கொல்லிமலைக்கு பைக்கில் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. பாட்டு, படம், ரயில் டிக்கெட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன என்று யோசிக்கிறீர்களா? வீட்டில் ஒரு பைக்கும் இருந்தால், முன்பின் போகாத ஒரு மலைக்குப் போய்வரும் பயணத்தை முழுக்க முழுக்க கம்ப்யூட்டரில் திட்டமிட்டுப் பாருங்கள். மேப், எக்ஸெல், பிரிண்ட் மூன்றும் ஒரே வேலையில் பழகிவிடும்.

எடுத்துக்காட்டாக, சென்னை வடபழனியிலிருந்து நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு.

முதல் முறை நானும் ஒரு நண்பரும் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பியபோது, மேப்பில் நான் பார்த்தது ஒரே ஒரு எண்தான். சுமார் 370 கிலோமீட்டர். மணிக்கு 60 என்று வகுத்தேன், ஆறு மணி நேரம் சொச்சம் வந்தது. காலை 8 மணிக்குப் புறப்பட்டால் மதியம் 3 மணிக்கு மலை மேல் இருக்கலாம் என்று முடிவு கட்டினேன். அது நவம்பர் மாதம். மலையடிவாரமான காரவள்ளியை அடைந்தபோது மணி மாலை 6. இருட்டிவிட்டது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும் முன்பே பனிமூட்டம். ஒரு வளைவில் நண்பரின் வண்டி நின்று பின்னோக்கி உருள ஆரம்பித்தது. இரண்டு கால்களையும் ஊன்றி எப்படியோ நிறுத்திவிட்டார். நல்ல வேளையாகப் பின்னால் ஒரு பஸ் வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "அவசரப்படாம என் பின்னாலயே வாங்க தம்பி" என்றார். அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் மேலே போய்ச் சேர்ந்தோம்.

மேப்பில் இருந்த தூரம் சரிதான். அதை நான் வகுத்த விதம்தான் தவறு. சரியாக வகுப்பது எப்படி என்று பார்ப்போம்.

மேப்பில் ஆரம்பியுங்கள்

பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து 'டைரக்ஷன்ஸ்' என்பதில் கிளிக் செய்திடுங்கள். புறப்படும் இடமாக வடபழனி என்று தாருங்கள். போய்ச்சேரும் இடத்தில்தான் கவனம் தேவை. கொல்லிமலையின் முக்கிய ஊர் செம்மேடு. ஆனால் கோவை பக்கம் வெள்ளியங்கிரி மலைக்குப் போகும் வழியிலும் ஒரு செம்மேடு இருக்கிறது. பெயரை மட்டும் டைப் செய்துவிட்டு, கீழே விழும் பட்டியலில் முதலில் வருவதை கிளிக் செய்தால் வேறு மாவட்டத்துக்கு வழி கிடைக்கும். பெயருடன் நாமக்கல் என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

வழி கிடைத்ததும் அந்த நீலக் கோட்டை மவுஸால் பிடித்து இழுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கோட்டின் மேல் கர்சரை வைத்து, இடது பட்டனை அழுத்தியபடி நீங்கள் விரும்பும் ஊருக்கு இழுத்து விடுங்கள். வழி மாறிவிடும். நான் எடுத்துக்கொண்ட வழி இது: செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர். அங்கே சேலம் நெடுஞ்சாலையை விட்டு மல்லியக்கரை, நாமகிரிப்பேட்டை வழியாகக் காரவள்ளி. பிறகு மலை.

மலையை மானிட்டரில் ஏறிப் பாருங்கள்

காரவள்ளிக்கும் செம்மேட்டுக்கும் இடையில் சாலை சுமார் 25 கிலோமீட்டர். மேப்பில் காரவள்ளி மேல் ரைட் கிளிக் செய்து, 'மெஷர் டிஸ்டன்ஸ்' தேர்ந்தெடுத்து, பிறகு செம்மேட்டில் கிளிக் செய்திடுங்கள். நேர்கோட்டுத் தூரம் வரும். சாலைத் தூரத்தில் பாதிகூட இருக்காது. மீதி எல்லாம் வளைவு.

எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதை அறிய கூகுள் எர்த் புரோ புரோகிராம் உதவும். முன்பு விலைக்கு விற்கப்பட்ட இது 2015 முதல் இலவசம். டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்தபின், 'ஆட் பாத்' ஐகானைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சிறு விண்டோ வரும். அதை மூடிவிடாமல் ஓரமாக நகர்த்திவிட்டு, சாலையின் மேல் ஒவ்வொரு வளைவாக கிளிக் செய்துகொண்டே போங்கள். பொறுமை வேண்டும், எழுபது வளைவுகள் ஆயிற்றே! முடித்து ஓகே கொடுத்தபின், இடது பக்கப் பட்டியலில் அந்தப் பாதையின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் புரொபைல்' தேர்ந்தெடுத்தால் மலை ஒரு வரைபடமாகக் கீழே விரியும். அடிவாரத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் ஏறுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

வரைபடத்தில் ரம்பப் பல் போல மேடு பள்ளங்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடாரால் நிலத்தின் உயரங்களை அளந்தது. இத்தகைய புரோகிராம்கள் காட்டும் மலைகளுக்கு அடிப்படையாக அமைந்தவற்றில் அதுவும் ஒன்று. அதில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். செங்குத்தான சரிவில் உங்கள் கிளிக் சாலையை விட்டுச் சற்று விலகினாலும் உயரம் தாறுமாறாக மாறும். மொத்த ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 1000 மீட்டருக்கு இன்னொரு பொருளும் உண்டு. மேலே போகப் போக, 1000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். ஓடும் பைக்கில் காற்று வேறு. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸெல் சொல்லும் உண்மை

இனி எக்ஸெல். அது இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். முதல் நெட்டு வரிசையில் பயணத்தின் பகுதிகள், இரண்டாவதில் கிலோமீட்டர், மூன்றாவதில் சராசரி வேகம். முழுப் பயணத்துக்கும் ஒரே வேகம் போடாதீர்கள்! நான் போட்டவை: வடபழனி முதல் செங்கல்பட்டு வரை 50 கி.மீ., வேகம் 30 (நூறடி ரோடும் ஜிஎஸ்டி ரோடும் அதற்கு மேல் விடாது). அங்கிருந்து ஆத்தூர் 235 கி.மீ., வேகம் 50. காரவள்ளி வரை 60 கி.மீ., வேகம் 35. மலை 25 கி.மீ., வேகம் 15.

நான்காவது வரிசையில் ஒரு செல்லில் சமக்குறியைத் தட்டி, கிலோமீட்டர் உள்ள செல்லை கிளிக் செய்து, சாய்கோடு தட்டி, வேகம் உள்ள செல்லை கிளிக் செய்து என்டர் அழுத்துங்கள். மணிக்கணக்கு வந்துவிடும். அந்த செல்லின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தைக் கீழே இழுத்தால் மற்ற பகுதிகளுக்கும் கணக்கு தானே வரும்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆத்தூர் வரையிலான பகுதிக்கு 4.7 என்று வரும். இது 4 மணி 70 நிமிடம் அல்ல. புள்ளிக்குப் பின் உள்ள .7 ஐ 60 ஆல் பெருக்க வேண்டும். அதாவது 4 மணி 42 நிமிடம்.

எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 9 மணி 45 நிமிடம். டிபன், சாப்பாடு, ஒன்றரை மணிக்கொரு முறை முதுகை நிமிர்த்த என்று 2 மணி நேரம் சேருங்கள். காரவள்ளிக்கு மட்டுமே 10 மணி நேரம் ஆகிறது. நான் 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்கு அங்கே நின்றதில் ஆச்சரியமே இல்லை. கணக்கு வீட்டிலேயே சொல்லியிருக்கும், நான்தான் கேட்கவில்லை.

ஆகவே பின்னாலிருந்து கணக்கிடுங்கள். அந்தப் பக்கம் நவம்பர், டிசம்பரில் 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் 6.40 வரை வெளிச்சம் உண்டு. எந்த மாதமானாலும் மாலை 3 மணிக்குக் காரவள்ளியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வடபழனியை விட்டுக் காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். அது முடியாது என்றால் முதல் நாள் ஆத்தூரிலோ சேலத்திலோ தங்கிவிடுங்கள்.

இதே பைலில் மலை மேல் கழிக்கும் நாளையும் எழுதுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். அதற்கு 3 மணி நேரம் ஒதுக்குங்கள். அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலேயே உள்ளது. ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடப்பதால் அறை கிடைப்பது சிரமம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை ஆய்வு மையத்தின் தளத்தை முதல் நாள் இரவும் பாருங்கள்.

பிரிண்ட் எடுங்கள்

மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. வீட்டில் வைஃபை இருக்கும்போதே மொபைலில் கூகுள் மேப்ஸைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, 'ஆப்லைன் மேப்ஸ்' மூலம் நாமக்கல் பகுதியை டவுன்லோட் செய்திடுங்கள். பிறகு ஏரோபிளேன் மோடில் போட்டு, மேப் தெரிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். எக்ஸெல் பக்கத்தையும் பிரிண்ட் எடுங்கள். பிரிண்ட் விண்டோவில் 'பிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்' கொடுக்க மறந்தால், ஒரு பக்க அட்டவணை நான்கு பேப்பரில் வரும். ஆர்.சி. புக், லைசென்ஸ் டிஜிலாக்கரில் இருந்தாலும் அசல் கையில் இருக்கட்டும்.

கம்ப்யூட்டரால் செய்ய முடியாத வேலைகளும் உண்டு. பிரேக், செயின், டயர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆத்தூரிலேயே டேங்கை நிரப்புங்கள். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்கும்போது நீங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வருவது, பெட்ரோல் மிச்சம் என்று சிலர் செய்யும் வேலை. மிச்சமாகும் பெட்ரோல் சொற்பம். பிரேக் மட்டுமே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.

கடைசியாக, பிரிண்டில் ஒரு நெட்டு வரிசையைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் உண்மையில் எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள் என்று பேனாவால் குறித்துவந்து, வீட்டில் எக்ஸெலில் ஏற்றுங்கள். இரண்டாம் முறை போனபோது மலைக்கு நான் போட்ட வேகம் 15, கிடைத்தது 17. செங்கல்பட்டு வரை போட்டது 30, கிடைத்தது 26! அடுத்து வால்பாறை. ஆழியாறு பக்கமிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பைலைத் திறந்து 'சேவ் ஆஸ்' கொடுத்து, இந்த 17 ஐயும் 26 ஐயும் போட்டு வைத்திருக்கிறேன்.