வெட்டி ஒட்டிய மரபணு: பாசல், சுவிட்சர்லாந்து, 1976

எலிக் கருவின் டிஎன்ஏ ஒருபுறம், ஆன்டிபாடி சுரக்கும் எலிப் புற்றணுவின் டிஎன்ஏ மறுபுறம். சுசுமு டொனெகாவாவும் நொபுமிச்சி ஹொசுமியும் இரண்டையும் ஒரே நொதியால் நறுக்கி, அகரோஸ் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி நீளவாரியாகப் பிரித்தார்கள். பிறகு ஜெல்லைத் துண்டு துண்டாக அரிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் டிஎன்ஏவை வடித்தெடுத்து, கதிரியக்க அயோடின் ஏற்றிய ஆன்டிபாடி ஆர்என்ஏவால் துழாவினார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். கருவில் ஆன்டிபாடி மரபணு இரு வேறு துண்டுகளில் கிடந்தது. புற்றணுவில் ஒரே துண்டில். ஆன்டிபாடியை உருவாக்கும் வெள்ளணுவான பி செல் வளரும்போது தன் மரபணுவைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது! 1987இல் டொனெகாவாவுக்கு நோபல் பரிசு.

இப்படி வெட்டி ஒட்டிய மரபணுக்களைப் படிக்க இன்று சில மில்லிலிட்டர் ரத்தம் போதும். வெள்ளணுக்களின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, பிசிஆரில் பெருக்கி, லட்சக்கணக்கான ஆன்டிபாடி வரிசைகளை ஒரே ஓட்டத்தில் படிக்கிறார்கள். பெருக்கும்போது நுழையும் பிழைகளைக் களைய, ஒவ்வொரு மூலக்கூறிலும் முன்கூட்டியே ஓர் அடையாள வரிசையை ஒட்டிவிடுவதும் உண்டு.