உங்களுக்குத் தெரியுமா? ஒரே தீவு, இரு வேறு வாழ்க்கை

கரீபியன் கடலின் ஹிஸ்பானியோலா தீவில் இரண்டு நாடுகள்: மேற்கே ஹைதி, கிழக்கே டொமினிகன் குடியரசு. இரண்டிலும் தலா ஒரு கோடிக்குச் சற்று மேல் மக்கள். ஆனால் சராசரி ஆயுளில் டொமினிகன் மக்கள் சுமார் 10 ஆண்டுகள் முன்னே நிற்கிறார்கள். தனிநபர் வருமானமோ ஐந்து மடங்குக்கும் அதிகம்.

1960இல் இந்த வருமானம் இரு நாடுகளிலும் ஏறக்குறைய சமமாக இருந்தது!

ஹைதியின் சுமை அதைவிடப் பழையது. அடிமைகளாக இருந்தவர்கள் போராடி 1804இல் விடுதலை பெற்ற நாடு அது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி மிரட்டி, பண்ணை முதலாளிகள் இழந்த சொத்துக்காக 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தது. அடிமைப்பட்டவர்களே ஆண்டைகளுக்கு ஈடு கட்டிய கொடுமை இது. அதற்காக வாங்கிய கடன்கள் 1947 வரை ஹைதியை விடவில்லை. பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய பணம்.

எல்லையின் சில இடங்களை வானிலிருந்து பார்த்தால் ஒருபுறம் மொட்டை மலை, மறுபுறம் பச்சைக் காடு. ஹைதியில் பெரும்பாலான வீடுகளில் இன்றும் விறகும் அடுப்புக்கரியும்தான் எரிகின்றன. டொமினிகன் அரசோ 1967இல் வணிகத்துக்காக மரம் வெட்டுவதைத் தடைசெய்தது. பின்னர் சமையல் எரிவாயுவுக்கு மானியமும் கொடுத்தது.