மூன்று நாள் இலங்கை, பத்து நிமிடத் தேயிலைத் தோட்டம்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். இலங்கைக்கும் இணையத்தில் ஓர் அனுமதி வாங்கினால் போதும். அப்புறம் எதற்கு ஊட்டி என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் நம் ஊர்ப் பசங்கள். நாமக்கல்லிலிருந்து திருச்சி விமான நிலையம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அங்கிருந்து கொழும்புக்குச் சுமார் ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை கிளம்பினால் திங்கட்கிழமை மதியத்துக்குள் பட்டறையிலோ பண்ணையிலோ கடையிலோ வந்து உட்கார்ந்துவிடலாம். லாரி பாடி கட்டுகிறவர், கோழிப்பண்ணைக்காரர், போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர், கூடப் படித்த ஒரு பேங்க் ஊழியர் என ஆறேழு பேர் சேர்ந்தால் ஒரு வேன் கணக்கு சரியாகிவிடுகிறது.

இவர்கள் போகும் பாதை அநேகமாக ஒன்றுதான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி கண்டி, அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா. இறம்பொடையில் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. பதினெட்டு அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வளர்ந்த நாமக்கல்காரன் அங்கே வண்டியை நிறுத்தாமல் போவானா? அடுத்து சீதையம்மன் கோயில். இரவு கொழும்பு கடற்கரை. கொழும்பில் இரவெல்லாம் என்னென்ன திறந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை, எல்லாருடைய போனிலும் இருக்கிறது.

என் கவலை அந்த இறம்பொடைக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் நடக்கும் பத்து நிமிடத்தைப் பற்றியது. சரிவு முழுக்கப் பச்சை. வேன் ஓரம் கட்டுகிறது. கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு படம். அந்த அம்மாவை நடுவில் நிற்க வைத்து இன்னொரு படம். நூறு ரூபாயை நீட்டிவிட்டு ஏறிவிடுகிறார்கள். “இங்கேயும் தமிழ் பேசறாங்கடா” என்ற ஆச்சரியம் மட்டும் ஊர் வரைக்கும் கூட வருகிறது.

ஆச்சரியப்பட இதில் ஒன்றும் இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த ஊர்களில் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டையோடு பழைய சேலம் ஜில்லாவும் முக்கியமானது. நாமக்கல் அன்று அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷத்துப் பஞ்சம் மிக மோசமாக அடித்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. ஏரி வற்றி, மாடு செத்து, கடைசியில் குடும்பத்தோடு தெற்கே நடந்தார்கள். ராமேசுவரம் பக்கத்துக் கடற்கரைகளில் படகேறி மன்னார், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை. காலராவில் விழுந்தவர்களை வழியிலேயே புதைத்துவிட்டு மிச்சம் பேர் நடந்தார்கள். முதலில் காப்பித் தோட்டம், 1869-க்குப் பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்ததும் தேயிலை. ஏற்காட்டில் 1820-லேயே காப்பி போட்ட ஜில்லாக்காரனுக்கு மலையும் செடியும் புதிதல்ல, கடல்தான் புதிது.

போனவர் திரும்ப முடிந்ததா? கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகக் கழுத்தில் நின்றது. கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூட முடியாது. 1921-ல்தான் அந்த முறை ஒழிந்தது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த வீடுகள் ஏராளம்.

நமக்கு உறைக்க வேண்டிய ஒன்று உண்டு. கொங்கு நாட்டில் உடுக்கை அடித்துப் பாடும் பொன்னர் சங்கர் கதையை இலங்கை மலையகத் தோட்டங்களில் கூத்தாக ஆடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் அதை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர் எத்தனை பேர்? கடல் தாண்டிப் போனவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். நாம் அங்கே போய் நின்று படம் எடுத்துவிட்டு வருகிறோம்.

வாரம் முழுக்க உழைத்தவன் ஓய்வுக்குப் போகிறான், அவனிடம் போய் சரித்திரம் பேசுகிறாயே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் நொடித்த நாட்டுக்கு இவர்கள் செலவழிக்கும் பணம் உதவத்தானே செய்கிறது என்றும் சொல்கிறார்கள். உதவுகிறது. ஆனால் அந்தப் பணம் ஹோட்டலுக்கும் வேனுக்கும் போகிறது, சரிவில் நிற்பவரிடம் போவதில்லை. 2024-ல் அறிவிக்கப்பட்ட நாள் சம்பளம் 1,350 இலங்கை ரூபாயாக இருந்தது. நம் காசில் நானூறுக்கும் குறைவு. அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் ‘பேர்’, அதாவது முழு நாள் கூலி, இல்லாவிட்டால் அரைப் பேர்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலையே சரிந்து இறங்கியது. வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடுகளான லயங்களில் இன்னமும் குடியிருப்பவர்களில் பலருக்கு அந்த வீட்டுக்கோ நிலத்துக்கோ பத்திரம் கிடையாது. சாலையிலிருந்து பார்த்தால் வரிசையாக அழகாகத் தெரிகிற தகரக் கூரைகள் அவைதான். அந்தப் பின்னணியில் நின்று இரண்டு விரலைக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. பழமைவாதி என்று சொன்னாலும் சரி.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டியில் ஒரு ஷாப்பிங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் கேட்டுக்கொண்டு போங்கள், படம் எடுப்பதற்கு முன்னும் கேளுங்கள். கூடையைப் பிடுங்காதீர்கள், பாட்டில்களைத் தேயிலைச் செடிக்குள் வீசாதீர்கள். கோயில் திண்ணையில் பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்க பாட்டன் எந்த ஊரு?” என்று கேட்டுப் பாருங்கள். ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர் என்று ஏதாவது ஒன்றை அவர் சொன்னால், அந்த ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து அவருக்கு ஒரு பதில் அனுப்புங்கள்.