உத்தியோகக் கடிதத்தில் வரும் ஆங்கிலச் சொற்கள்

கேளிக்கையைச் சேர்ந்த ஆங்கிலச் சொற்களை நம் மக்களுக்கு எவரும் கற்பித்ததில்லை. சினிமா, சர்க்கஸ், டிக்கெட், இண்டர்வெல் முதலியன தாமாகவே நம் நாவில் ஏறிவிட்டன. எழும்பூர் அருங்காட்சியகத்தையும் 'மியூசியம்' என்றே பலரும் சொல்கிறோம். இச்சொற்களில் ஒன்றைப் பிழையாக வழங்கினாலும் ஒருவருக்கும் நஷ்டமில்லை. உத்தியோகத்தைச் சேர்ந்த சொற்கள் அத்தகையன அல்ல. அவற்றுள் ஒன்றன் பொருளறியாமல் கையொப்பமிட்டால், பல ஆண்டு உழைப்பின் பலன் கைவிட்டுப் போகக்கூடும்.

நெசவாளர், விவசாயிகளின் பிள்ளைகள் இன்று நூற்பாலைகளிலும், பின்னலாடைத் தொழிற்சாலைகளிலும், அலுவலகங்களிலும் வேலைக்கு அமர்கின்றனர். அவர்களுக்கு வரும் கடிதங்கள் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அத்தகைய கடிதங்களைக் காட்டிப் பொருள் கேட்கும் அங்கத்தினர் பலர். ஆதலின் முக்கியமான சில சொற்களை இங்கே விளக்குவோம்.

முதலாவது, எம்ப்ளாயர், எம்ப்ளாயீ என்னும் இரட்டைச் சொற்கள். வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர். வேலை செய்பவர் எம்ப்ளாயீ. வேறுபாடு ஈற்றொலியில் மட்டுமே. படிவத்தில் தம் பெயரை எழுதவேண்டிய இடம் எது என்பதை இதைக் கொண்டே அறிதல் வேண்டும்.

அடுத்தவை வேஜஸ், சாலரி என்பன. நாட்கணக்கிலோ, வாரக்கணக்கிலோ, செய்த உருப்படிக் கணக்கிலோ பெறுவதைப் பெரும்பாலும் வேஜஸ் என்பர். சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று நம் நெசவாளர் பெறும் கூலி 'பீஸ் ரேட்' எனப்படும். சாலரி என்பது மாதச் சம்பளம். உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியாக அது பிறந்தது. நம் சம்பளம் என்னும் சொல்லையும், சம்பா நெல்லும் அளம் என்னும் உப்பும் சேர்ந்து அமைந்தது என்பாருளர்.

மூன்றாவது, கிராஸ், நெட் என்பன. நூல் மூட்டையை உறையோடு நிறுத்தால் வருவது கிராஸ் எடை. உறையின் எடையைக் கழித்தால் நிற்பது நெட் எடை. சம்பளத்திலும் அவ்வாறே. கடிதத்தில் பெரிதாகத் தோன்றும் தொகை கிராஸ். கைக்கு வருவது நெட். இடையே கழிக்கப்படுவது 'டிடக்‌ஷன்'. அதில் முக்கியமானது பிராவிடெண்ட் பண்ட் என்னும் வருங்கால வைப்பு நிதி. எம்ப்ளாயீயின் பங்கு பொதுவாக 100க்கு 12. எம்ப்ளாயரும் அதற்கு ஈடாகத் தம் பங்கைச் செலுத்துதல் வேண்டும். இக்கழிவு இழப்பன்று, சேமிப்பு. ஆயினும் கழித்த தொகை தம் கணக்கில் ஏறியதா என்பதைப் பார்த்து வருதல் அவசியம்.

நான்காவது, கிராஜுவிட்டி. ஓட்டல் பணியாளருக்குக் கொடுக்கும் இனாமையும் ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பர். அதனால் இதனை முதலாளியின் தயவு என்று எண்ணுவோர் உளர். 1972ஆம் ஆண்டுச் சட்டம் இதனை உரிமையாக்கிற்று. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்து விலகுவோருக்கு, ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் என்பது பொதுவிதி. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அவ்விதி இடம்பெற்றுள்ளது.

இறுதியாக, வேலை முடிவதைக் குறிக்கும் சொற்கள். இவற்றிலேதான் அபாயம் மிகுதி. ரிடயர்மெண்ட் என்பது வயது வந்து ஓய்வு பெறுதல். டிஸ்மிஸல் என்பது குற்றம் காரணமாக நீக்கப்படுதல். ரிட்ரெஞ்ச்மெண்ட் என்பது குற்றமேதுமின்றி ஆட்குறைப்பால் வேலை இழத்தல். ரெசிக்னேஷன் என்பது தாமே முன்வந்து கொடுக்கும் ராஜினாமா.

பின்னவை இரண்டிலும் வேலை போவது ஒன்றே; பணக்கணக்கு வேறு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை ஆட்குறைப்பில் நீக்க, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தருவதுடன், ஆண்டொன்றுக்கு 15 நாள் சராசரி ஊதியத்தை நஷ்டஈடாகவும் கொடுத்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட இவ்விதி, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் காணப்படுகிறது. எட்டாண்டு உழைத்தவருக்கு இந்த நஷ்டஈடு மட்டும் 120 நாள் ஊதியமாகும். தாமே விலகியவர் இதனைக் கோர இயலாது. ஆகவே, ஆட்குறைப்பு நேரத்தில் நீட்டப்படும் தாளில் ரெசிக்னேஷன் என்னும் சொல் இருந்தால், கையொப்பமிடுவோர் 120 நாள் ஊதியத்தை எழுதிக்கொடுத்தவராவர். கிராஜுவிட்டி வேறு கணக்கு. உரிய காலம் வேலை செய்திருந்தால், ராஜினாமா செய்தவருக்கும் அது உண்டு.

எனவே அங்கத்தினர் தம் பிள்ளைகளுக்கு மூன்று வழக்கங்களைப் பழக்குவது நலம். வெற்றுத்தாளில் கையொப்பமிடலாகாது. எந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல் கேட்டுப் பெறுதல் வேண்டும். விளங்காத சொல் இருப்பின், ஒரு நாள் அவகாசம் கேட்டு, படித்தவர் ஒருவரிடம் காட்டியபின் கையொப்பமிடுதல் வேண்டும். சங்கத்தின் கடன் பத்திரத்தை வாசிக்கக் கேட்ட பின்னரே கையொப்பமிடும் அங்கத்தினருக்கு இவ்வெச்சரிக்கை புதிதன்று. அதனை உத்தியோகக் கடிதத்திலும் கைக்கொள்வார்களாக.